குழலை நீட்டிய கலைஞர்

நுழையும்முன்

இயற்பியல் ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டிக் கண்ணாடிக் குழாயின் வாயருகே பிடிக்கிறோம். குழாயிலுள்ள நீர்மட்டத்தை மெல்லத் தாழ்த்துகிறோம். ஓரிடத்தில் ஒலி திடீரென ஓங்கி எழுகிறது. குழாயினுள் உள்ள காற்றுத்தம்பத்தின் நீளம் இசைக்கவையின் அதிர்வுக்கு இசைந்துவிட்டது என்பதே அதன் பொருள். அந்த இசைவை ஒத்ததிர்வு என்கிறோம். அதே இசைவை மரக்குழலில் தம் செவியால் தேடி, தமக்கு வேண்டிய நாதம் கிட்டும்வரை நிறைவடையாத கலைஞர் ஒருவரின் வாழ்க்கையைக் காண்போம்.

மரபும் பயிற்சியும்

காவிரிக்கரைச் சிற்றூர்களில் பொழுது விடிவதும் அடைவதும் நாகசுர ஓசையோடுதான். திருப்பள்ளியெழுச்சி முதல் அர்த்தசாம வழிபாடு வரை, எந்தக் காலத்திற்கு எந்த இராகம் என்பதற்குக் கோயில்களில் முறை உண்டு. திருமணம், திருவிழா, சுவாமி புறப்பாடு என எல்லா மங்கல நிகழ்வுகளுக்கும் நாகசுரமும் தவிலும் முன்னின்றன. இம்மரபில் 1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் தோன்றியவர் இராசரத்தினம். பெற்றோர் குப்புசுவாமி பிள்ளை, கோவிந்தம்மாள். பாலசுப்பிரமணியம் என்பது அவருக்கு இடப்பட்ட முதற்பெயர்.

இளமையிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்தவர் தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை. அவர் திருவாவடுதுறை ஆதீனத்தில் நாகசுரக் கலைஞராக விளங்கியவர். இவ்வாறு இசையும் தமிழும் தழைத்த மடத்தின் நிழலில் இராசரத்தினம் வளர்ந்தார். பின்னாளில் திருவாவடுதுறை என்னும் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு பிரிக்க இயலாதவாறு ஒன்றிவிட்டது.

அவருடைய பயிற்சியில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாகசுரத்தில் தேர்வதற்கு முன்பே அவர் வாய்ப்பாட்டைக் கற்றார். வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர் அவருக்குப் பாட்டுப் பயிற்சி அளித்தார். மிடற்றின் நெளிவுசுளிவுகள், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குழைவு, சொல்லின் பொருளுக்கேற்ப மூச்சை நிறுத்தும் அளவு ஆகியவை முதலில் அவர் தொண்டையில் படிந்தன. பிறகே விரல்களுக்கு வந்தன. குழல் பாடவேண்டும் என்ற வேட்கை அவருக்குள் முளைத்தது இங்கேதான்.

வீதிக்கு வாய்த்த குழல்

அவர் இளைஞராக இருந்த காலத்தில் பரவலாக வழங்கிய நாகசுரம் திமிரி எனப்படும் குட்டையான கருவி. நான்கு கட்டை, ஐந்து கட்டை என உயர்ந்த சுருதியில் ஒலிப்பது அது. தேரோடும் வீதிகளில், வாணவேடிக்கைக்கும் மக்கள் ஆரவாரத்திற்கும் நடுவே, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அது கேட்கப்பட வேண்டியிருந்தது. வீதியின் தேவையே அக்கருவியின் உருவத்தை முடிவு செய்தது எனலாம்.

அக்கருவியை வாசித்தவர்களின் நிலையும் வீதியோடு பிணைந்ததாகவே இருந்தது. ஊர்வலத்தின் முன்னே நடந்துகொண்டும், செல்வர் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டும், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டும் வாசிப்பது அன்றைய வழக்கம். வாய்ப்பாட்டுக்காரருக்கும் வயலின் வாசிப்பவருக்கும் அரங்கில் விரிப்பு இட்டு இருக்கை தந்த அதே சமூகம், நாகசுரக் கலைஞரை வாயிலோடு நிறுத்தியது. மங்கல இசை வேண்டும். ஆனால் அதை இசைப்பவர் அவையில் சமமாக அமரவேண்டியதில்லை என்பதே அன்றைய மனப்பான்மை. இராசரத்தினத்தின் வாழ்நாள் முயற்சிகள் இரண்டு. ஒன்று, அந்தக் குழலின் ஒலியை மாற்றுவது; மற்றொன்று, அதை வாசிப்பவர் நிற்குமிடத்தை மாற்றுவது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

குழலுக்குள் நிகழ்வது

முதல் முயற்சியின் அருமையை உணரவேண்டுமானால், நாகசுரத்திற்குள் காற்று என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

இக்கருவியில் ஒலிக்கு வித்திடுவது சீவாளி. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யப்படும் இதன் இரு மெல்லிய இதழ்களும் கலைஞரின் உதடுகளுக்கிடையே நின்று, மூச்சின் அழுத்தத்தால் விரைந்து திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு சிறு காற்றழுத்தத் துடிப்பு குழலுக்குள் நுழைகிறது. அத்துடிப்பு குழலின் கீழ்முனைவரை சென்று வெளிக்காற்றைத் தொடுகிறது. அங்கே அதன் ஒரு பகுதி நமக்குக் கேட்கும் ஒலியாக வெளியேறுகிறது. எஞ்சிய பகுதி எதிரொளித்துக் குழலுக்குள்ளேயே திரும்புகிறது. திரும்பி வரும் அலையும் புதிதாகச் செல்லும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது, குழலினுள் நிலை அலை உருவாகிறது. சில இடங்களில் காற்று அசையாது நிற்கிறது, அவை கணுக்கள். சில இடங்களில் அது பேரளவில் அலைகிறது, அவை எதிர்க்கணுக்கள்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. நிலை அலை உருவானபின், சீவாளி தன் விருப்பப்படி அதிர்வதில்லை. திரும்பி வரும் அழுத்த அலையே அது எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதை ஆள்கிறது. எனவே ஒலியின் அதிர்வெண்ணை முதன்மையாக முடிவு செய்வது காற்றுத்தம்பத்தின் நீளமே ஆகும். சீவாளியைத் தனியே ஊதினால் எழும் கீச்சொலிக்கும், குழலில் பொருத்தி ஊதினால் எழும் நாதத்திற்கும் உள்ள வேறுபாட்டிற்குக் காரணம் இதுவே.

நீளம் கூடினால் அலைநீளம் கூடும், அதிர்வெண் குறையும். இரு முனையும் திறந்த 86 செ.மீ. நீளமுள்ள குழாயை எண்ணிக்கொள்வோம். அதில் எழும் அடிப்படை ஒலியின் அலைநீளம் அதன் இருமடங்கு, அதாவது 172 செ.மீ. காற்றில் ஒலியின் திசைவேகம் நொடிக்கு 344 மீட்டர் எனக் கொண்டால், அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் ஆகும். குழாயைப் பாதியாக நறுக்கினால் அது 400 ஹெர்ட்ஸாக உயரும். இசைமொழியில் கூறினால், ஒரு தாயி மேலே சென்றுவிடும். விரல்துளையைத் திறப்பதும் ஏறத்தாழ இத்தகைய செயலே. திறந்த துளையின் அருகிலேயே காற்றுத்தம்பம் முடிந்துவிடுவதால், குழலை வெட்டாமலேயே அதன் நீளம் குறைகிறது, சுரம் உயர்கிறது.

கூம்பு வடிவத்தின் கொடை

குழாயின் நீளத்தைப் போலவே அதன் வடிவமும் நாதத்தை முடிவு செய்கிறது. ஒரு முனை மூடிய நேரான உருளைக் குழாயில் 1, 3, 5 என ஒற்றைப்படை எண்ணுடைய சீரிசைகள் மட்டுமே ஒத்ததிர்வு பெறும் என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்போம். நாகசுரத்திலும் சீவாளி பொருந்திய மேல்முனை மூடிய முனையாகவே செயற்படுகிறது. ஆயினும் நாகசுரம் அவ்வாறு ஒலிப்பதில்லை. காரணம், அதன் உட்டுளை மேலே குறுகியும் கீழே வரவர விரிந்தும் கூம்பு வடிவில் அமைந்திருப்பதே. கூம்பின் குறுகிய முனை மூடியிருந்தாலும், அதே நீளமுள்ள இருமுனையும் திறந்த குழாயைப்போல் அது நடந்துகொள்கிறது. 1, 2, 3, 4 எனச் சீரிசைகள் அனைத்தும் அதில் எழுகின்றன.

இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. முதலாவது, விரல்களை மாற்றாமல் மூச்சின் அழுத்தத்தை மட்டும் கூட்டினால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும். இரண்டாவது, மேற்சுரங்கள் செறிந்து எழுவதால் ஒலிக்கு நிறைவும் வீச்சும் கிடைக்கின்றன. மனிதச் செவி 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிக நுட்பமாக உணரும் இயல்புடையது. நாகசுரத்தின் மேற்சுரங்கள் அவ்வெல்லையை எட்டுவதால், தொலைவில் நிற்போர்க்கும் அதன் ஒலி தெளிவாகக் கேட்கிறது.

தெரிந்து தெளிவோம்

நாகசுரத்தின் உறுப்புகள்: சீவாளி, அதனைக் குழலோடு இணைக்கும் உலோகக் குழாயாகிய கெண்டை, மரத்தாலான நெடுங்குழலாகிய உலவு, கீழே விரிந்த வாயாகிய அணசு. மேற்பகுதியிலுள்ள ஏழு துளைகள் விரல்களால் மூடித் திறக்கப்படுவன. கீழ்ப்பகுதியிலுள்ள ஐந்து துளைகள் விரல்களுக்கு உரியன அல்ல. வேண்டிய அளவு மெழுகால் அடைத்துச் சுருதியைச் செம்மை செய்ய உதவுவன.

பாரியை நாடிய உள்ளம்

வாய்ப்பாட்டில் தோய்ந்த இராசரத்தினத்திற்குத் திமிரியின் உச்சக்குரல் நிறைவு தரவில்லை. பாடகர் மந்தரத் தாயியில் நின்று நிதானமாக இராகத்தை வளர்ப்பதைப்போல் நாகசுரத்திலும் வளர்க்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்குச் சுருதி தாழவேண்டும். எனவே இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரத்தை அவர் தமக்குரியதாக்கிக் கொண்டார்.

சுருதியைத் தாழ்த்துவது எளிய செயலன்று. இரண்டு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் உரிய அதிர்வெண்களின் விகிதம் ஏறத்தாழ 3க்கு 4. ஆகவே காற்றுத்தம்பத்தின் நீளம் அதற்கு எதிர்விகிதத்தில், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடவேண்டும். குழல் நீண்டால் துளைகளுக்கிடையே உள்ள இடைவெளியும் விரியும். விரல்கள் அகன்று நிற்கவேண்டும். மூன்றடியை நெருங்கும் குழலினுள் உள்ள காற்று முழுவதையும் அதிரச்செய்ய மூச்சிலும் ஆளுமை வேண்டும். இவற்றையெல்லாம் பயிற்சியால் கடக்கலாம். ஆனால் பயிற்சியால் மட்டும் கடக்கவியலாத இடையூறு ஒன்று கருவியிலேயே இருந்தது. அதுவே சுத்த மத்திமம்.

பழைய நாகசுரங்களில் சுத்த மத்திமம் தனக்குரிய இடத்தில் நில்லாது, பிரதி மத்திமத்தின் பக்கம் சற்றே ஏறி ஒலித்தது. உதட்டை நெகிழ்த்தும் மூச்சைத் தளர்த்தியும் கலைஞர்கள் அதனைத் தாழ்த்திக்கொண்டனர். விரைந்து ஓடும் பிடிகளில் இக்குறை மறைந்துவிடும். ஆனால் சுரத்தின்மேல் நெடுநேரம் நின்று வாசிக்கும்போது வெளிப்பட்டுவிடும். இராசரத்தினம் நின்று வாசிக்க விரும்பியவர். அவர் உள்ளம் கவர்ந்த தோடி இராகமோ சுத்த மத்திமத்தைக் கொண்டது. தம் உயிரான இராகத்தைத் தம் கருவி தடுமாறாமல் பாடவேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததில் வியப்பில்லை.

நரசிங்கம்பேட்டைப் பட்டறை

திருவாவடுதுறைக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டை, நாகசுரம் செய்யும் கைவினைஞர்கள் வாழும் ஊர். ஆச்சா மரமே அவர்களுக்கு உகந்தது. புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் விரும்புவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் வாங்கிவந்து பயன்படுத்துவர். பல்லாண்டுகள் காய்ந்து ஈரம் முற்றும் நீங்கிய அம்மரம் மூச்சின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் எளிதில் வளையாது, வெடிக்காது. உட்டுளையின் வடிவம் மாறாதிருந்தால்தான் நிலை அலையின் கணுக்களும் இடம் மாறாதிருக்கும்.

அவ்வூரைச் சேர்ந்த அரங்கநாதன் ஆசாரி, நாகசுரம் கடைவதில் இணையற்ற கைத்திறன் உடையவர். இராசரத்தினத்தின் செவியும் ஆசாரியின் கையும் ஒன்றுசேர்ந்தன. ஒருவர் வாசித்துக் குறையை உணர்ந்து சொல்ல, மற்றவர் கருவியில் அதற்குத் தீர்வு தேடினார்.

அத்தேடல் எத்துணைக் கடினமானது என்பதை இன்றைய அறிவியலைக் கொண்டு நாம் உணரலாம். ஒரு சுரம் உயர்ந்து ஒலித்தால் அதற்குரிய துளையைச் சற்றுக் கீழே தள்ளி இடலாம். காற்றுத்தம்பம் நீண்டு சுரம் தாழும். அல்லது துளையின் அளவைச் சிறிதாக்கலாம். ஆனால் ஒரு துளையில் செய்யும் மாற்றம் அந்தச் சுரத்தோடு முடிவதில்லை. மூடிய நிலையிலும் ஒவ்வொரு துளையும் ஒரு சிறு குழிவாகிக் காற்றின் ஓட்டத்தைப் பாதிக்கும். கீழ்த்தாயியில் சரியாக நிற்கும் சுரம் மேல்தாயியில் பிசகலாம். உட்டுளையின் விரிவு ஓரிடத்தில் இம்மியளவு மாறினாலும் சீரிசைகளின் ஒழுங்கு குலையும். ஒன்றைத் திருத்தப் புகுந்தால் ஒன்பது கெடும் என்பார்களே, அது இங்கே முற்றிலும் பொருந்தும்.

கணக்கீட்டுப் பொறிகளோ அதிர்வெண் காட்டும் கருவிகளோ கைக்கு எட்டாத காலம் அது. செவியே அளவுகோல், கையே கருவி. சுத்த மத்திமம் தனக்குரிய இடத்தில் நிலைத்து நிற்கும் பாரி நாகசுரம் அப்பட்டறையில் பிறந்தது. இன்று கச்சேரி மேடைகளில் ஒலிப்பது பெரும்பாலும் அந்த வழிவந்த கருவியே. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கலைஞரின் பெயர் உலகறிந்தது. அவருக்குக் கருவி வடித்துத் தந்த கைவினைஞரின் பெயரும் அதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

அவையில் அமர்ந்த நாகசுரம்

ஒலி மாறியது, இனி நிற்குமிடம் மாறவேண்டும். இராசரத்தினம் மேடையில் அமர்ந்து வாசித்தார். நாகசுரத்திற்குச் சுருதி கூட்டுவதற்கென ஒத்து எனப்படும் துணைக்குழலை ஊதுவதே அதுவரை மரபு. அதற்கு மாற்றாக, வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு உரியதெனக் கருதப்பட்ட தம்புராவை அவர் தம் பின்னே வைத்துக்கொண்டார். வாசிக்கும் குழல் தாழ்ந்து இனிமையுற்றபின், தம்புராவின் மெல்லிய ரீங்காரம் அதற்குப் பொருத்தமான துணையாயிற்று. திமிரியின் உச்சவொலியோடு தம்புரா இவ்வளவு எளிதில் இசைந்திருக்க முடியாது. கருவியின் நீளத்தில் நேர்ந்த மாற்றம் கலைஞரின் இருக்கையையும் மாற்ற வழிகோலியது என்பதை இங்கே காண்கிறோம்.

தோற்றத்திலும் அவர் தமக்கென ஒரு நடையை வகுத்துக்கொண்டார். குடுமியை நீக்கி முடியைத் திருத்திக்கொண்டார். விலையுயர்ந்த ஆடைகளை அணிந்து தலைநிமிர்ந்து நடந்தார். அதனைச் செருக்கு என்று சிலர் குறைகூறினர். ஆனால் இடுப்பில் துண்டு கட்டி நின்ற தலைமுறைகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், அதனுள் இருந்த தன்மதிப்பு நமக்குப் புலப்படும். தம்மை மதியாத இடத்தில் தம் கலைக்கும் மதிப்பு இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

நாதப் பெருக்கு

இராசரத்தினம் என்றால் தோடி. தோடி என்றால் இராசரத்தினம் எனத் தமிழுலகம் சொல்லத் தொடங்கியது. ஒரே இராகத்தை மணிக்கணக்கில், கூறியது கூறாமல், புதிது புதிதாக விரித்து வாசிக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. துளையை முழுதும் திறவாமலும் முழுதும் மூடாமலும் விரலை நெகிழ்த்தி, அதற்கேற்பச் சீவாளியில் மூச்சை அளந்துவிட்டு, இரு சுரங்களுக்கிடையே உள்ள நுண்ணிய ஒலிகளையெல்லாம் அவர் வெளிக்கொணர்ந்தார். ஊர்க்கோயில்களின் திருவிழாக்களில் விடிய விடிய நின்று அவர் இசையைக் கேட்டோர் பலர். இசைத்தட்டுகளும் வானொலியும் அவ்விசையை ஊரெல்லை கடந்து கொண்டுசென்றன. 1940ஆம் ஆண்டு வெளிவந்த கவி காளமேகம் என்னும் திரைப்படத்தில் காளமேகப் புலவராக அவர் நடித்தார். நாதசுரச் சக்கரவர்த்தி என மக்கள் அவரைப் போற்றினர்.

1947ஆம் ஆண்டு இந்தியா விடுதலை பெற்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லிக்குச் சென்ற குழுவில் இராசரத்தினமும் இடம்பெற்றார். ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், ஆட்சிமாற்றத்தையொட்டி நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்ட நிகழ்வில் அவரது நாகசுரம் முழங்கியது. ஒரு காலத்தில் முற்றத்தோடு நிறுத்தப்பட்ட இசை, ஒரு நாட்டின் விடுதலைப் பொழுதிற்கு மங்கலம் பாடியது.

வழிவழி வாழும் இசை

1956ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் சென்னையில் இராசரத்தினம் இயற்கை எய்தினார். அவர் தொடங்கிவைத்த மாற்றம் அவரோடு முடிந்துவிடவில்லை. அவர் மாணவருள் புகழ்பெற்றவர் காருகுறிச்சி அருணாசலம். 1962ஆம் ஆண்டு வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்த அவரது நாகசுரத்தை இன்றும் மக்கள் கேட்டு மகிழ்கின்றனர். ஒரு பெண்குரலும் நாகசுரமும் ஒன்றையொன்று விஞ்சாது, ஒன்றையொன்று தொடர்ந்து பாடமுடியும் என்பதை அப்பாடல் மெய்ப்பித்தது. குழல் பாடவேண்டும் என்ற ஆசானின் வேட்கை மாணவரிடம் கனிந்த இடம் அது.

நாகசுரக் கலைஞர் வாசிக்கத் தொடங்குமுன் சீவாளியை மாற்றி மாற்றிப் பொருத்துவதையும், சில கணம் ஊதிப் பார்ப்பதையும் நாம் கண்டிருப்போம். வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகை உயர்ந்தால் காற்றில் ஒலியின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். மூச்சின் வெப்பம் குழலுக்குள் பரவப் பரவச் சுருதியும் சற்றே ஏறும். அக்கலைஞர் அதனைத் தம் செவியால் அறிந்து சரிசெய்து கொள்கிறார். சூத்திரம் சொல்லும் உண்மையையே அவர் செவியும் சொல்கிறது. இராசரத்தினம் அச்செவியை நம்பினார். செவி கேட்டதைத் தரும்வரை கருவியை விடவில்லை. அமர்ந்து வாசிக்கும் ஒவ்வொரு நாகசுரக் கலைஞரின் கையிலும் உள்ள நெடுங்குழலில் அந்த உறுதியின் பயன் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நாகசுரக் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் வாசிக்கும் கருவியின் சுருதி, உறுப்புகள், பராமரிக்கும் முறை ஆகியவற்றைக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.

2. வெவ்வேறு நீளமுள்ள மூங்கில் அல்லது நெகிழிக் குழாய்களின் வாயில் ஊதி ஒலியெழுப்பி, நீளத்திற்கும் ஒலியின் உயர்விற்கும் உள்ள தொடர்பைப் பட்டியலிடுக.

3. கலைஞரின் புகழுக்குப் பின்னே நிற்கும் கைவினைஞரின் பங்கு என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.